விருந்தாளியின் பேனாவும் ஊர்க்காரரின் பேனாவும்

பாட்டைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி நண்பர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. கேட்டால் போதாதா? பாட்டு தன்னைத் தானே சொல்லிக்கொள்ளாதா? இதற்கு அழகியல் சார்ந்த விடைகள் பல உள்ளன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். நாம் பேச விரும்புவது அவற்றைவிடச் சாதாரணமான, அதேசமயம் அவசரமான ஒன்றைப் பற்றி. பாட்டைப் பற்றி யார் எழுதுகிறார், எங்கிருந்து எழுதுகிறார் என்பதே அது. ஒரு நகரத்தின் இசையை அந்நகரத்தில் வாழ்பவர் எழுதுவதற்கும், சில நாள் தங்கிவிட்டு விமானம் ஏறுபவர் எழுதுவதற்கும் இடையே உள்ள தூரம் வெறும் நடைவேறுபாடு அன்று. பின்னாளில் எது நினைவில் நிற்கும், எது மறக்கப்படும் என்பதை அத்தூரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 'கிரஞ்ச்' என்ற பெயரில் உலகறிந்த அந்நகரத்து இசையின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. பாடியவர்களின் கதையாகவே அது சொல்லப்பட்டது. எழுதியவர்களின் கதையாக அதைத் திருப்பிப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் புலப்படுகின்றன.

*

முதலில் சிறிது பின்னணி. லண்டனில் 1926 முதல் வந்த மெலடி மேக்கர், நடன இசைக் கலைஞர்களுக்கான தொழில் இதழாகத் தொடங்கியது. 1952 இல் தோன்றிய நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், பாடல்களின் விற்பனைத் தரவரிசையை அதே ஆண்டில் பிரிட்டனுக்கு அறிமுகம் செய்தது. இரண்டுமே இசைத்தொழிலின் செய்தித்தாள்கள். ராக் பாட்டை ஒரு கவிதையைப் போல எடுத்துவைத்து விவாதிக்கலாம் என்ற துணிவு வேறு இடத்திலிருந்து வந்தது. 1966 பிப்ரவரியில் பால் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கல்லூரி மாணவர், சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்களைத் தைத்து 'கிராடாடி' என்ற இதழை வெளியிட்டார். அறிவியல் புனைகதை ரசிகர்கள் தமக்குள் நடத்திவந்த கையடக்க இதழ்களில் அவர் பழகியிருந்தார். அந்த முறையையே பாட்டுக்கும் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரோலிங் ஸ்டோன் வந்தது. அதுவும் ஓர் ஊரின் இதழாகவே பிறந்தது. 1977 இல் அது நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தபோது ஊரின் இதழ் என்ற தன்மையும் அதனுடன் போயிற்று.

அதே காலத்தில் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் வேறொன்று செய்தார். 1976 ஜூலையில், ராமோன்ஸ் என்ற நியூயார்க் குழுவின் இசை தந்த வேகத்தில், 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற இதழைத் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் எழுதி, ஒளிநகல் எடுத்து விற்றார். முதலில் சில டஜன் பிரதிகள். ஓராண்டுக்குள் அது ஆயிரக்கணக்கில் போயிற்று. போகத் தொடங்கிய வேகத்திலேயே, 1977 இல், அவர் அதை நிறுத்திவிட்டார். வாசகர்களைத் தம் சொந்த இதழ்களைத் தொடங்கச் சொல்லிவிட்டு நிறுத்தினார் என்பதுதான் முக்கியம். சிற்றிதழ் மரபில் வளர்ந்த நமக்கு இந்த மனநிலை அந்நியமானதன்று. 1959 இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது எண்ணிக்கையை அவர் நம்பவில்லை. வாசிக்கத் தெரிந்த சிலரையே நம்பினார். பங்க் இசையின் கையடக்க இதழ்களை நாம் அந்தக் கண்ணோடு படித்தால் அவற்றின் எழுத்துப்பிழைகள் உறுத்துவதில்லை.

இந்த இதழ்களின் பெருங்கொடை என நாம் கருதுவது 'ஊர் அறிக்கை' என்ற எழுத்துவகை. கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1982 முதல் அச்சிதழாக வந்த 'மாக்சிமம் ராக்கன்ரோல்' இதனை ஒரு வழக்கமாகவே ஆக்கியது. மலிவான செய்தித்தாளில், பொடி எழுத்தில், பல நாடுகளிலிருந்தும் வந்த கடிதங்கள் போன்ற குறிப்புகள். எங்கள் ஊரில் இத்தனை குழுக்கள் உள்ளன, இன்ன கூடம் மூடப்பட்டது, காவலர் வந்து நிகழ்ச்சியை நிறுத்தினர், இன்னார் ஒரு கேசட் வெளியிட்டுள்ளார், முகவரி இது. எழுதியவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள் அல்லர். ஆனால் ஊரின் பெயர், தெருவின் பெயர், டிக்கெட்டின் விலை ஆகியவற்றை அவர்கள் விடவில்லை.

சுற்றுப்பயணம் செய்யும் குழுக்களுக்கு இவ்வெழுத்து எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதை இன்று எண்ணிப்பார்ப்பது கடினம். 1980களில் அமெரிக்காவின் சிறு குழுக்கள் ஒரு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றன. அவர்களுக்கு முகவர் கிடையாது. விடுதிக்குப் பணம் கிடையாது. எந்த ஊரில் யாரைத் தொலைபேசியில் அழைத்தால் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளமோ ஒரு பழைய கடையோ கிடைக்கும், யார் வீட்டுத் தரையில் இரவு படுக்கலாம் என்பதெல்லாம் இத்தகைய இதழ்கள் வழியாகவே பரவின. 1992 முதல் மாக்சிமம் ராக்கன்ரோல் இதற்கென ஒரு தனிக் கையேட்டையே வெளியிட்டது. அதன் பெயரில் ஒரு வசைச்சொல் இருந்தது. உள்ளே இருந்ததோ கூடங்கள், வானொலி நிலையங்கள், இசைத்தட்டுக் கடைகள், விருந்தோம்பும் வீடுகள் ஆகியவற்றின் ஊர்வாரிப் பட்டியல். ஊரைப் பற்றி எழுதியவர்கள் இருந்ததால்தான் பயணம் செய்யும் குழு அந்த ஊருக்கு வந்தது. ஊர் எழுத்தும் பயணக் குழுவும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

*

இனி சியாட்டில். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சாலைவழி சுமார் 1,300 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்து திரும்ப மனமில்லாத பெரிய குழுக்கள் பல, கலிபோர்னியாவோடு பயணத்தை முடித்துக்கொண்டன. எனவே ஊர்க் குழுக்கள் ஒன்றுக்கொன்று வாசித்துக்காட்டியே வளர்ந்தன. இந்தச் சூழலில் 1979 இல் 'தி ராக்கெட்' என்ற இசை இதழ் தோன்றியது. இலவச இதழ். இசைக்கருவிக் கடைகளும் மதுக்கூடங்களும் தந்த விளம்பரத்தில் ஓடியது. அதன் கடைசிப் பக்கங்களில் 'கிடார் வாசிப்பவர் தேவை', 'டிரம்ஸ் வாசிப்பவர் தேவை' என்ற வரிவிளம்பரங்கள் நிறைந்திருக்கும். நிர்வாணா குழு தனக்கு டிரம்ஸ் வாசிப்பவரைத் தேடி 1980களின் இறுதியில் விளம்பரம் செய்ததும் இங்கேதான்.

அருகிலுள்ள ஒலிம்பியா நகரத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த புரூஸ் பேவிட், 1980 இல் 'சப்டெரேனியன் பாப்' என்ற இதழைத் தொடங்கினார். பெருநகரங்களைவிட்டு விலகிய ஊர்களின் இசையை எழுதுவதே அதன் நோக்கம். பின்னர் 1983 முதல் அதே தலைப்பின் சுருக்கத்தில் தி ராக்கெட்டில் ஒரு பத்தி எழுதினார். அப்பத்தியின் பெயரே பிறகு சப் பாப் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பெயராயிற்று. அதாவது, அந்நகரத்தின் புகழ்பெற்ற நிறுவனம் எழுத்திலிருந்து பிறந்தது. 'கிரஞ்ச்' என்ற சொல்லின் கதையும் அப்படியே. பின்னாளில் மட்ஹனி குழுவின் பாடகராக அறியப்பட்ட மார்க் ஆர்ம், 1981 இல் 'டெஸ்பரேட் டைம்ஸ்' என்ற உள்ளூர் இதழுக்குத் தன் குழுவையே திட்டி ஒரு நையாண்டிக் கடிதம் எழுதினார். அதில் இச்சொல் வருகிறது. ஊர்க்காரர்கள் தமக்குள் சிரித்துக்கொள்ள எழுதிய ஒரு வசையே பத்தாண்டு கழித்து உலகத்தின் ஒரு கடைப்பிரிவாயிற்று.

நிர்வாணாவைப் பற்றிய தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்று 1988 இல் டான் ஆண்டர்சன் நடத்திய 'பேக்லாஷ்' என்ற சியாட்டில் இதழில் வந்தது. அப்போது அக்குழுவின் முதல் ஆல்பம்கூட வெளிவந்திருக்கவில்லை. மறு ஆண்டு வந்த 'ப்ளீச்' ஆல்பத்தின் பின்னட்டையில், அதை ஒலிப்பதிவு செய்தவர் ஜாக் எண்டினோ, ஆன செலவு 600 டாலர் என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு கலைப்படைப்பின் பின்னட்டையில் அதன் கணக்கு! இத்தகைய கணக்குகளை அறிந்த எழுத்தையே நாம் ஊரெழுத்து என்கிறோம்.

*

விருந்தாளியின் பேனா 1989 தொடக்கத்தில் வந்தது. மெலடி மேக்கரின் எவரெட் ட்ரூ சியாட்டிலுக்கு வந்தார். பயணச்செலவை ஏற்றது சப் பாப். அவர் எழுதியவை மார்ச்சில் வெளிவந்தன; அதே பருவத்தில் மட்ஹனி குழு சோனிக் யூத்துடன் பிரிட்டன் முழுதும் சுற்றியது. பிபிசியின் ஜான் பீல் சப் பாப் தொகுப்பு ஒன்றைப் பாராட்டி எழுதினார். சொந்த நாட்டில் பொருட்படுத்தப்படாத ஒரு நகரம், கடல் கடந்த ஒரு வாரப் பத்திரிகையால் புகழடைந்தது.

இதை முழுக்க மோசடி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ட்ரூவின் ஆர்வம் உண்மையானது. அவர் அவ்விசையை உண்மையிலேயே கேட்டார். ஆனால் அக்கட்டுரைகளோடு கப்பலேறிய பிம்பம் வேறு. மரம் வெட்டும் ஊரின் முரட்டுப் பிள்ளைகள், படிப்பறியாதவர்கள், மழையில் நனைந்த சட்டையோடு கிடாரை அலறவிடுபவர்கள் என்ற பிம்பம். அதனைச் சப் பாப்பே தெரிந்து விற்றது. தொலைவில் உள்ளவர்கள் கேட்க விரும்பும் கதை எது என்று நிறுவனம் அறிந்திருந்தது. விருந்தாளி அதைச் சுமந்து சென்றார்.

இந்தப் பிம்பத்தை ஒரே மனிதரைக் காட்டி உடைக்கலாம். சவுண்ட்கார்டன் குழுவின் கிடார் கலைஞர் கிம் தாயில். அவருடைய பெற்றோர் கேரளத்திலிருந்து குடியேறியவர்கள். அவர் 1960 இல் சியாட்டிலில் பிறந்து, சிகாகோவுக்கு அருகிலுள்ள பார்க் ஃபாரஸ்டில் வளர்ந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். அதே பார்க் ஃபாரஸ்டிலிருந்து வந்தவர்தான் புரூஸ் பேவிட்டும். பேவிட்டையும், பல்கலைக்கழக வானொலியில் நிகழ்ச்சி நடத்திவந்த ஜானதன் போன்மனையும் ஒன்று சேர்த்ததில் தாயிலுக்குப் பங்குண்டு. அந்நகரத்து இசைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் மலையாளிக் குடும்பத்துத் தத்துவ மாணவர் என்ற செய்தி, மரம்வெட்டிக் கதைக்குள் எங்கே அடங்கும்? அடங்காததால் அது ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. இந்தியர்களாகிய நம்மில்கூடப் பலர் நெடுநாள் அறியாமலே இருந்தோம்.

*

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்து, 1992 ஜனவரியில் விற்பனைப் பட்டியலின் உச்சியை அடைந்தது. அதன்பிறகு வந்த விருந்தாளிகளுக்குக் கணக்கே இல்லை. அவர்களது எழுத்தின் தரத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. 1992 நவம்பர் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் கிரஞ்ச் பற்றி ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டது. அதனுடன் அந்த இளைஞர்களின் குழூஉக்குறிகளைத் தொகுத்து ஒரு சொற்பட்டியலையும் தனியே கட்டமிட்டு அச்சிட்டது. கிழிந்த பழைய ஜீன்ஸுக்கு 'வாக் ஸ்லாக்ஸ்', உருப்படாதவனுக்கு 'காப் நாப்ளர்' என்றெல்லாம் போகும் அப்பட்டியல். அத்தனையும் பொய். முன்பு சப் பாப்பில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர் என்ற பெண்ணிடம் செய்தியாளர் தொலைபேசியில் கேட்க, அவர் நின்ற நிலையில் கற்பனை செய்து சொன்னவை அவை. சிகாகோவிலிருந்து வந்த 'தி பாஃப்ளர்' என்ற சிறிய இதழ் சில மாதங்களில் இதை அம்பலப்படுத்தியது. ஜாஸ்பர் பிற்காலத்தில் அதே சப் பாப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

இக்கதையை எல்லோரும் நகைச்சுவையாகவே சொல்கிறார்கள். நாமும் சிரிக்கிறோம். ஆனால் சிரித்து முடித்தபின் ஒன்றை யோசிக்க வேண்டும். நாட்டின் பெரிய செய்தித்தாளில் அப்பட்டியல் அச்சேறுவதற்கு முன், சியாட்டிலின் எந்த மதுக்கூடத்திலாவது எவரேனும் இச்சொற்களைப் பேசிக் கேட்டிருக்கிறார்களா என்று ஒருவரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கும் தேவை எழவில்லை. ஏனெனில் எழுதப்பட்டது அந்த ஊருக்காக அன்று. வேறொரு நகரத்தின் காலைச் சிற்றுண்டி மேசைக்காக எழுதப்பட்டது. வாசகர் வேறிடத்தில் இருக்கும்போது எழுதுபவருக்குப் பிழையின் அச்சம் குறைந்துவிடுகிறது. ஊரெழுத்தாளருக்கோ அந்த வசதி கிடையாது. ஒரு குழுவின் பெயரைத் தவறாக எழுதினால், வெள்ளிக்கிழமை இரவு அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் அவரை வாசலிலேயே மறித்துக் கேட்பார்.

விருந்தாளிகள் எழுதாமல் விட்டவை இன்னும் முக்கியமானவை. அவர்கள் மழையைப் பற்றி எழுதினார்கள். 1985 இல் சியாட்டில் நகரசபை கொண்டுவந்த பதின்வயதினர் நடன ஒழுங்குவிதியைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? பதின்வயதினருக்கான நடன நிகழ்ச்சி நடத்த வேண்டுமாயின் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும், பணியில் இல்லாத காவலர் இருவரைக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும் என்றது அவ்விதி. சிறு அமைப்பாளர்களால் இது இயலாது. எனவே 21 வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்கு அந்நகரத்தில் தம் தலைமுறையின் இசையை நேரில் கேட்கும் இடங்கள் அருகின. 'சியாட்டில் ஓசை' என்று உலகம் கொண்டாடிய ஆண்டுகளிலும் இவ்விதி நடைமுறையில் இருந்தது. 2002 இல்தான் அது மாற்றப்பட்டது. ஒரு நகரத்து இசையின் போக்கை மேகங்களைவிட ஒரு நகரசபைத் தீர்மானம் ஆழமாகத் தீர்மானிக்க முடியும். ஆனால் தீர்மானத்தைப் படிக்க நகரசபைக் கூட்டத்துக்குப் போக வேண்டும். விருந்தாளிக்கு அதற்கு நேரமில்லை.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. 1993 ஜூலையில் 'தி கிட்ஸ்' குழுவின் பாடகி மியா சபாட்டா, இரவில் வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. கொலையாளி யாரென்று பத்தாண்டுகள் தெரியவில்லை. அந்நகரத்து இசைக்கலைஞர்கள் நிதி திரட்டும் கச்சேரிகள் நடத்தித் தனியார் துப்பறிவாளரை அமர்த்தினர். அவருடைய தோழிகள் 'ஹோம் அலைவ்' என்ற தற்காப்புப் பயிற்சி அமைப்பைத் தொடங்கினர். 2003 இல் மரபணுச் சோதனை மூலம் ஒருவர் கைதானார். மறு ஆண்டு தண்டிக்கப்பட்டார். விருந்தாளிகளின் கதையில் ஓர் ஊரின் இசை உச்சியில் முடிந்துவிடும். ஊரின் கதை அதன்பிறகும் நடந்துகொண்டிருக்கும். அந்தப் பத்தாண்டுகளும் சேர்ந்ததுதான் சியாட்டிலின் இசை வரலாறு என நாம் நினைக்கிறோம்.

தம்மைப் பற்றி எழுதப்படுவதையே மறுத்தவர்களும் அப்பகுதியில் இருந்தனர். ஒலிம்பியாவில் 1991 வாக்கில் எழுந்த 'ரயட் கேர்ள்' இயக்கத்துப் பெண்கள், பாட்டோடு சேர்த்து ஒளிநகல் இதழ்களையும் தாமே எழுதினார்கள். பெரும் பத்திரிகைகள் தம் உடையையும் கோபத்தையும் மட்டும் வேடிக்கையாக எழுதத் தொடங்கியபோது, 1992 இல் செய்தியாளர்களோடு பேசுவதையே நிறுத்துமாறு தமக்குள் அழைப்பு விடுத்தார்கள். இதனால் அவர்கள் இழந்ததும் உண்டு. ஆனால் அவர்களைப் பற்றி இன்று ஆய்வு செய்பவர்கள் தேடிப் போவது பெரும் பத்திரிகைகளின் பக்கங்களை மட்டுமன்று. அவர்களே எழுதிய, மடித்துத் தைத்த அந்தத் தாள்களையும்தான்.

*

ஊரெழுத்தைக் குறையற்றதாகக் காட்டுவது நமது நோக்கமன்று. அதன் நோய்கள் நமக்குத் தெரிந்தவையே. சிற்றிதழ்ச் சூழலில் நாம் நாள்தோறும் காண்பவை. எழுதுபவர், பாடுபவர், வெளியிடுபவர் மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் குடிப்பவர்கள். நண்பரின் ஆல்பத்தைக் குறை சொல்ல நாக்கு எழாது. பகைவரின் ஆல்பத்தைப் பாராட்டக் கை வராது. பேவிட் பத்தி எழுதியவர். அவரே இசைத்தட்டும் விற்றார். இதில் உள்ள நலன்முரணை மறைப்பதற்கில்லை. தன் தெருவில் எழும் ஓசை எல்லாம் உலக அதிசயம் என்று நினைக்கும் கிணற்றுத்தவளைத்தனமும் உண்டு. வெளியூர்க் காது சில சமயம் ஊர்க்காது பழகிப்போய் விட்டுவிட்டதைக் கேட்டுவிடும். ட்ரூவும் பீலும் அப்படிக் கேட்டார்கள் என்பதை முன்பே ஒப்புக்கொண்டோம்.

எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஊரெழுத்தின் பிழைகளை ஊரார் திருத்த முடியும். அடுத்த இதழில் ஒரு கடிதம் வரும்; போட்டி இதழ் ஒன்று தோன்றும்; சண்டை நடக்கும். விருந்தாளியின் பிழையைத் திருத்த ஊராருக்கு இடமில்லை. அவர் போய்விட்டார், அவர் எழுதியதே உலகத்தின் ஆவணமாகிவிட்டது. விருந்தாளி வருவதில் நமக்கு மறுப்பில்லை. அவர் வரும்போது அவர் படித்துவிட்டு வர ஊரில் ஏற்கெனவே எழுத்து இருக்க வேண்டும் என்பதே நமது வாதம். ட்ரூவின் எழுத்துக்குக் கீழே பத்தாண்டு காலத் தி ராக்கெட் இருந்தது. பேவிட்டின் பத்திகள் இருந்தன. சியாட்டிலின் ஆறு குழுக்களை 1986 இலேயே ஒரே இசைத்தட்டில் தொகுத்த 'டீப் சிக்ஸ்' இருந்தது. அந்தத் தளம் இல்லாத ஊரில் விருந்தாளி சொல்வதே முதற்சொல்லும் முடிவான சொல்லும் ஆகிவிடும்.

அந்தத் தளம் இப்போது எங்கும் சரிந்துகொண்டிருக்கிறது. தி ராக்கெட் வெளியூர் உரிமையாளர்களிடம் கைமாறி 2000 அக்டோபரில் நின்றது. அதே ஆண்டு மெலடி மேக்கர், நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. பின்னதன் வாராந்தர அச்சும் 2018 மார்ச்சில் முடிந்தது. மாக்சிமம் ராக்கன்ரோல் 2019 இல் மாத அச்சிதழை நிறுத்தியது. இணையத்திலேயே பிறந்து ஒரு தலைமுறையின் ரசனையை ஆண்ட பிட்ச்ஃபோர்க், 2024 ஜனவரியில் ஓர் ஆடவர் நாகரிக இதழின் பிரிவாகச் சுருக்கப்பட்டது. காரணம் ரகசியமன்று. வரிவிளம்பரங்கள் இணையத்துக்குப் போயின. இசைத்தட்டுக் கடைகள் மூடின. அவை தந்த விளம்பரம் நின்றது. அந்த விளம்பரத்தில் சம்பளம் வாங்கிய எழுத்தாளர் வேறு வேலைக்குப் போனார். அவர் இருந்த இடத்தில் இப்போது விளம்பரதாரரின் செய்திக்குறிப்பு அப்படியே கட்டுரையாக வருகிறது. நீங்கள் கேட்டதைப் போன்றதையே மேலும் கேட்கத் தரும் கணிப்பொறிப் பட்டியல் வருகிறது. அப்பட்டியலுக்கு ரசனை உண்டோ இல்லையோ, ஊர் கிடையாது. நகரசபைத் தீர்மானத்தை அது படிப்பதில்லை. மூடிய கூடத்தின் பூட்டை அது பார்ப்பதில்லை.

ஒரு ஆறுதல். தி ராக்கெட்டின் பழைய இதழ்களை வாஷிங்டன் மாநில நூலகம் மின்னுருவாக்கிப் பொதுப்பார்வைக்கு வைத்துள்ளது. முதற்பக்கக் கட்டுரைகளைவிட அவற்றின் வரிவிளம்பரங்களும் நிகழ்ச்சிப் பட்டியல்களும் நம்மை நெடுநேரம் நிறுத்துகின்றன. எந்த இரவில் எந்தக் கூடத்தில் எந்த மூன்று குழுக்கள் வாசித்தன என்பது அங்கே இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை புகழடையாதவை. ஆனால் அவை இருந்தன என்பதற்குச் சான்று இருக்கிறது.

*

தமிழில் இதைப் படிக்கும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நம்மிடம் இசை எழுத்து இல்லாமலில்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய கச்சேரி விமர்சனங்களைச் சபைக்குப் போகாதவர்களும் விரும்பிப் படித்தார்கள். ஆனால் அம்மரபு சபா வாசலோடு நின்றுவிட்டது. வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்படும் கானாவைப் பற்றி, எந்தத் தெருவில், எந்த ஆண்டில், யார் பாடினார், யாரிடம் கற்றார் என்று அவ்வப்போதே எழுதிவைத்த பக்கங்களைத் தேடினால் கைக்குச் சிக்குபவை மிகக் குறைவு. சினிமா ஒரு கானாவை எடுத்துக்கொள்ளும் நாளில் விருந்தாளிகள் வருகிறார்கள். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது நாடெங்கும் எழுதினார்கள், நல்லது. ஆனால் அந்த மேடைக்குக் கீழே இருக்க வேண்டிய பத்தாண்டு கால ஊரெழுத்து எங்கே? நம்மிடம் தி ராக்கெட் இருந்ததில்லை. சிற்றிதழ்கள் கவிதைக்கும் கதைக்கும் செய்ததைப் பாட்டுக்குச் செய்யவில்லை. கவிதையின் ஒரு வரிக்காகப் பல ஆண்டுகள் சண்டையிட்ட நாம், அடுத்த தெருவில் அடித்த பறையின் பெயர் கேட்டு எழுதவில்லை.

இதைச் செய்ய அச்சகம் வேண்டாம்; பெரும் புலமையும் வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வந்தால் நாள், இடம், பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர், என்னென்ன பாடினார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு கட்டணம், யார் ஏற்பாடு செய்தார், காவல்துறை அனுமதி கிடைத்ததா என்பதை எழுதிவைக்கலாம். பாடியவர்களிடம் காட்டி, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பிடித்ததா இல்லையா என்பதையும் அஞ்சாமல் சொல்லலாம். அடுத்த வாரம் அவர்கள் முகத்தில் விழிக்க நேரும் என்பதால் சொல்லை அளந்து சொல்வோம், அதுவும் நல்லதே. பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உங்கள் ஊரின் பாட்டு என்ன என்று கேட்டால், கற்பனைச் சொற்பட்டியலுக்குப் பதிலாக அவர் கையில் கொடுக்க நம்மிடம் சில பக்கங்களாவது இருக்கும்.